ஸ்பிரிங்ஃபீல்டு 1903ஏ4 நகல் வாங்கப் போகிறீர்களா? ரிசீவரிலிருந்து தொடங்குங்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை கையிலிருந்த ஸ்னைப்பர் ரைஃபிள்களில் அதிகம் பேசப்படுவது எம்1903ஏ4. ரெமிங்டன் நிறுவனம் 1943, 1944 ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 மட்டுமே செய்தது. பல அடிபட்டும், பழுதுபார்க்கப்பட்டும், உதிரிபாகங்களாகக் கலைந்தும் போனது போக மிஞ்சியவற்றின் விலை சாதாரணச் சேகரிப்பாளருக்கு எட்டாது. அதனால்தான் இதன் நகல்களுக்கு அமெரிக்காவில் இவ்வளவு கிராக்கி.

நகல் வாங்குவதில் தவறில்லை. ஆனால் "நகல்" என்ற ஒரே பெயரில் சந்தையில் நான்கு வெவ்வேறு சரக்குகள் உலவுகின்றன. எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் விலை பேசுவதும் சுடுவதும்தான் வம்பு.

முதல் வகை: ஏ4-க்கு அடிப்படையான சாதாரணப் போர்க்கால ரைஃபிள் 03-ஏ3. அதன் ரிசீவர், அதாவது போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) குழலும் பொருந்தும் மைய உடல், அசல். அதில் புதுக்குழல், புது ஸ்டாக் (மரக்கட்டை), புது ஸ்கோப் போட்டு ஏ4 உருவத்துக்குக் கொண்டுவந்தது. கிப்ஸ் ரைஃபிள் கம்பெனி விற்றவை இந்த வழியில் வந்தவை. ஒழுங்காகச் செய்திருந்தால் நம்பிச் சுடலாம்.

இரண்டாவது: டிரில் ரைஃபிளாக முடக்கப்பட்ட 03-ஏ3-ஐ மறுபடி உயிர்ப்பித்தது. அணிவகுப்புக்குக் கொடுப்பதற்காகக் குழலை ரிசீவரோடு வெல்டிங் வைத்து, போல்ட் முகத்துத் துளையை அடைத்து, மேகசினிலிருந்து தோட்டா ஏறுவதைத் தடுக்கும் கட்-ஆஃப் நெம்புகோலையும் பற்றவைத்திருப்பார்கள். அந்த வெல்டிங்கை அரைத்து எடுத்துவிட்டுப் புதுக்குழல் முறுக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இரும்பு என்ன சூடு பட்டது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது: 1960-களில் கலிபோர்னியாவில் வார்த்த ரிசீவர்களோடு உபரிப் பாகங்களைச் சேர்த்துச் செய்தவை. நேஷனல் ஆர்டினன்ஸ், சாண்டா ஃபே என்ற பெயர்கள் ரிசீவரிலேயே இருக்கும்.

நான்காவது: சுடவே சுடாத உலோகக் கலவை பொம்மை. சுவரில் மாட்டுவதற்கு இதைவிடத் தொல்லையில்லாத சரக்கு கிடையாது. காந்தம் ஒட்டாது. துத்தநாகக் கலவை என்பதால் எடையும் கையில் வித்தியாசமாகத் தெரியும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

சின்ன டார்ச், பத்து மடங்கு லூப் (கைலென்ஸ்), .30 குழலுக்கான கிளீனிங் ராடும் பத்துப் பதினைந்து துணித்துண்டும், .30-06 தோட்டாவுக்கான கோ, நோ-கோ கேஜ் இரண்டும் (சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, அளக்கும் எஃகு அளவிகள்), ஐந்து டம்மி தோட்டா (மருந்து இல்லாதவை), திருகுகளின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர், போன் கேமரா. கேஜ் இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். கோ கேஜ் பெரும்பாலும் 1.940 அங்குலம்தான். நோ-கோ அளவு கம்பெனிக்குக் கம்பெனி சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் மாறும்.

விற்பவர் ஸ்டாக்கிலிருந்து கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால், நகலைப் பொறுத்தவரை அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அசல் துப்பாக்கிக்காரர் திருகில் கீறல் விழும் என்று பயப்பட நியாயம் உண்டு. நகலுக்கு அந்த நியாயம் இல்லை.

படி 1: வெறுமையாக்கி, போல்ட்டை வெளியே எடுங்கள்

குழல்வாயை யார் பக்கமும் திருப்பாமல், போல்ட்டைத் திறந்து சேம்பரையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் பாருங்கள். ஸ்கோப் மேலே மறைப்பதால் ஏ4-இல் சேம்பருக்குள் பார்வை முழுதாகப் போகாது. விரல் அவசியம்.

ரிசீவரின் இடப்பக்கம் பின்னால் இருக்கும் சிறு நெம்புகோல்தான் கட்-ஆஃப். மேலே தூக்கினால் மேகசினிலிருந்து தோட்டா ஏறும், கீழே இறக்கினால் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் வைத்தால் போல்ட் முழுவதும் பின்னால் வந்துவிடும். போல்ட்டைப் பிரிக்கவும் போகிறீர்கள் என்றால், உருவுவதற்கு முன்பே காக் செய்து (சுடும் ஊசியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி) சேஃப்டியைச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். அப்போது சேஃப்டி இறக்கை ஸ்கோப்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் ஸ்கோப் மவுண்டின் உயரம் தப்பு. கட்-ஆஃப் நடுவில் நிற்க மறுத்தாலோ, அதன் அச்சு அருகே இரும்பு மேடாகவோ அரைத்த தடமாகவோ இருந்தாலோ அது பழைய டிரில் ரைஃபிளாக இருக்கலாம். இந்த ஒரு அடையாளம் பல பேருக்குத் தப்பிப்போகிறது. குழலடியைப் பளிச்சென்று முடித்தவர்கள்கூட கட்-ஆஃப் பக்கம் சோம்பல்பட்டுவிடுகிறார்கள்.

படி 2: ரிசீவர்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்துகளை முதலில் படியுங்கள். சாதாரண 03-ஏ3-இல் நிறுவனப் பெயர், மாடல், வரிசை எண் எல்லாம் ரிசீவர் வளையத்தின் உச்சியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அசல் ஏ4-இல் ஸ்கோப் அடித்தட்டு அந்த இடத்தை மறைக்கும் என்பதால் பெயரையும் மாடலையும் இடப்பக்கமும், வரிசை எண்ணை வலப்பக்கமும் தள்ளிப் பொறித்தார்கள். அதிலும் மாடல் 03-ஏ3 என்றுதான் இருக்கும். ரெமிங்டன் எந்த ரிசீவரிலும் 03-ஏ4 என்று அடிக்கவில்லை. ஆகவே "ஏ4 என்று பொறித்திருக்கிறது, எனவே அசல்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பொறிப்பே அது அசலல்ல என்பதற்குச் சாட்சி. எழுத்து உச்சியிலேயே இருந்து, மேலே ஸ்கோப் தட்டு அதைப் பாதி மூடியிருந்தால் அது 03-ஏ3 மேல் கட்டிய நகல். இதில் குற்றமில்லை. நகல் விலை கொடுத்தால் போதும். அசல் ஏ4-இன் முதல் பெரிய வரிசை 3407088 முதல் 3427087 வரை. வேறு வரிசைகளும் உண்டு, ஒன்றில் எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்து இருக்கும். எண் வரிசைக்குள் இருந்தும் எழுத்து உச்சியில் இருந்தால், யாரோ எண்ணைத் தேய்த்து மாற்றியிருக்கலாம். அந்தச் சரக்கைத் தொடாதீர்கள். வரிசை எண்ணை அழித்தோ மாற்றியோ இருக்கும் துப்பாக்கியை வைத்திருப்பதே அமெரிக்காவில் குற்றம்.

அடுத்து ஸ்டாக்கைக் கழற்றி, குழலும் ரிசீவரும் சேரும் கோட்டை அடிப்பக்கம் பாருங்கள். வெல்டிங்கை அரைத்து எடுத்த இடம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சற்றே தட்டையாகத் தெரியும். பார்க்கரைசிங் என்ற துருத்தடுப்புப் பூச்சும் அங்கே ஒரு சாயல் மாறி நிற்கும், மிச்ச இடத்தில் பச்சை கலந்த சாம்பல், இங்கே கருமை. சிறு பொட்டு ஒன்று என்றால் சூடு ஆழமாகப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. வளையத்தைச் சுற்றி நீளமாக ஓடிய தடம் என்றால், போல்ட்டைப் பூட்டும் லக் (முனைப்பு) இரண்டும் உட்காரும் இடம் வரை சூடு எட்டியிருக்கலாம். சூடு பட்ட எஃகு மென்மையாகும். ஒவ்வொரு சுடலுக்கும் லக்குகள் அந்த இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு அமுக்கிக்கொண்டே போகும். ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம், கூடும், கடைசியில் தோட்டாக்கூடு அடியில் பிளக்கும். கண்ணால் மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாத இடம் இது. ஸ்டாக் மறைக்கும் பகுதியில் கன்ஸ்மித்தை வைத்து ராக்வெல் கடினத்தன்மை சோதனை செய்தால் ஒரு சிறு குழி விழும், அவ்வளவுதான். டிரில் ரைஃபிளிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வார்த்த ரிசீவரைப் பெயரே காட்டிக் கொடுக்கும். பெயரை யாராவது தேய்த்திருந்தால் உட்புறத்தைப் பாருங்கள். கருவி வெட்டிய கோடுகளுக்குப் பதிலாகச் சில இடங்களில் பொரிப்பொரியான மேற்பரப்பு, மூலைகளில் கூர்மை இல்லாமை, எங்காவது அச்சு சேர்ந்த மெல்லிய கோடு. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது என்பதே அதன் சிக்கல். எங்கள் அபிப்பிராயம்: இவற்றைச் சேகரிப்புப் பொருளாக வாங்குங்கள், சுடும் கருவியாக வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சிலர் ஏ3 கிடைக்காமல் பழைய 1903 ரிசீவரிலேயே ஏ4 கட்டுகிறார்கள். அப்போது வரிசை எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி 800,000-க்குக் கீழ், ராக் ஐலண்டு ஆர்சனல் 285,507-க்குக் கீழ் என்றால் அவை பழைய முறையில் ஒரே தடவை சூடேற்றிக் கடினமாக்கியவை. எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்த காலம் அது. அளவுக்கு மீறிச் சூடேறிய சில ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி நொறுங்கின. இராணுவ உபரி ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் அமெரிக்க அமைப்பான சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் இவற்றைச் சுடவே வேண்டாம் என்கிறது. ரெமிங்டன் எண்கள் 3,000,000-க்கு மேல்தான் தொடங்குகின்றன, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 3: ஹெட்ஸ்பேஸ்

புதுக்குழல் போட்ட எந்த நகலிலும் இதைச் செய்யாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

போல்ட் ஸ்லீவ் பூட்டை அமுக்கிக்கொண்டு இடப்பக்கம் திருகி ஸ்ட்ரைக்கர் தொகுதியை (சுடும் ஊசியும் அதன் ஸ்பிரிங்கும்) கழற்றுங்கள். தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் நீண்ட கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் தள்ளி எடுத்துவிடுங்கள். இரண்டையும் எடுக்காமல் அளந்தால் ஸ்பிரிங்கின் இழுப்பும் எக்ஸ்ட்ராக்டரின் உரசலும் பொய் சொல்லும். சேம்பரைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஒரு துளி கெட்டி எண்ணெய் போதும், அளவு மாறிவிடும்.

கோ கேஜைச் சேம்பரில் வைத்து, ஒரே விரலால் போல்ட் கைப்பிடியை இறக்குங்கள். முழுவதும் இறங்க வேண்டும். நோ-கோ கேஜில் இறங்கக் கூடாது. அழுத்தி இறக்காதீர்கள், போல்ட்டின் சரிவுத் தளம் கேஜை உள்ளே அமுக்கும் பலம் உடையது, எதிலும் மூடிவிடும்.

கோ கேஜில் மூடவில்லையா? மாற்றுக் குழல்கள் பலவும் சேம்பர் சற்றுக் குட்டையாகவே வரும், பொருத்தியபின் ரீமர் என்ற வெட்டுக்கருவி வைத்து முடிக்க வேண்டும். அதை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். சரிசெய்யக்கூடிய குறை. நோ-கோவில் மூடுகிறதா? நோ-கோவைவிடச் சற்று நீளமான ஃபீல்டு கேஜ் என்று ஒன்று உண்டு, அதில் மூடாவிட்டால் பரவாயில்லை என்று விற்பவர் சொல்வார். போரில் தேய்ந்த பழைய துப்பாக்கிக்கு அந்த வாதம் செல்லும். புதுக்குழல் போட்ட நகல் நோ-கோவில் மூடினால், ஒன்று ரீமர் அதிகம் ஓடியிருக்கிறது, அல்லது ரிசீவர் இருக்கை அமுங்கியிருக்கிறது. எதுவானாலும் வேண்டாம்.

போல்ட்டைத் திரும்பச் சேர்த்தபின் டம்மி தோட்டா ஐந்தையும் மேலிருந்து ஒவ்வொன்றாக மேகசினில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஸ்கோப் இருப்பதால் ஏ4-இல் கிளிப் வைத்து ஏற்ற முடியாது, அது குறையல்ல, அமைப்பே அப்படி. எக்ஸ்ட்ராக்டர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றில் இடித்துக் 'கடக்' என்றால், குழலின் அடியில் எக்ஸ்ட்ராக்டருக்காக வெட்டிய பள்ளம் சரியான திசைக்கு வரவில்லை. குழலிலும் ரிசீவரிலும் உள்ள இரண்டு சிறு கோடுகளும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 4: குழலும் போல்ட்டும்

அசல் ரெமிங்டன் குழலில் வாயருகே ஆர்.ஏ. என்ற எழுத்து, தீப்பிழம்பு வைத்த குண்டு முத்திரை, மாதமும் வருடமும் இருக்கும். குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளம் நான்கு உள்ளதும் உண்டு, இரண்டு உள்ளதும் உண்டு. இரண்டு பள்ளக் குழலைக் கண்டு பயப்பட வேண்டாம், போர்க்காலத்தில் வேலையைச் சுருக்கச் செய்தது, குறியில் குறை சொல்ல முடியாது. புதுக்குழலில் அந்த முத்திரைகளைப் போலியாக அடித்திருந்தால், தயாரிப்பாளர் பெயரை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நேர்மையான புதுக்குழல் தன் பெயரைத் தானே சொல்லும்.

போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காமலிருக்க வளைத்து, வெளிப்பக்கம் குழிவாக அரைத்திருக்கும். நகல்களில் சாதாரணப் போல்ட்டைக் கடையில் சூடுவைத்து வளைத்திருப்பார்கள். வேர்ப்பகுதியில் நிறமாற்றம், மயிரிழை விரிசல், லக் பக்கம் வரை நீலம் ஓடியது ஆகியவற்றை லூப்பில் தேடுங்கள். வளைக்கும்போது லக் பக்கம் ஈரத்துணி சுற்றிச் சூட்டைத் தடுக்காதவர்கள் செய்த போல்ட்டை மாற்றிவிடுவது நல்லது. மாற்றினால் ஹெட்ஸ்பேஸை மறுபடி அளக்க வேண்டும்.

படி 5: ஸ்கோப் உட்கார்ந்திருக்கும் விதம்

அசலில் வீவர் 330சி, இராணுவப் பெயரில் எம்73பி1. குழாயின் விட்டம் முக்கால் அங்குலம். பெரிதாக்கல் இரண்டரை மடங்குக்குள். பிற்காலத்தில் எம்84 வந்தது. ரெட்ஃபீல்டு ஜூனியர் அடித்தட்டில் முன் வளையம் 90 டிகிரி திருப்பிப் பூட்டிக்கொள்ளும், பின் வளையத்தை எதிரெதிரான இரண்டு திருகுகள் பிடிக்கும். முன் வளையத்தை ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருப்பியிருந்தால் குழாய் முறுகியிருக்கும். அதற்கென்று மரத்தடி ஒன்றை வைத்துத்தான் திருப்ப வேண்டும். ஹை-லக்ஸ் நிறுவனம் இன்று முக்கால் அங்குல நகல் ஸ்கோப் செய்கிறது. தோற்றத்துக்கும் உபயோகத்துக்கும் போதும். ஒரு அங்குல வளையம் போட்டிருந்தால் சுடலாம், ஆனால் அதை "ஏ4 நகல்" விலையில் வாங்காதீர்கள்.

நகல்களில் அடிக்கடி வரும் குறை, ரிசீவரில் துளை கோணலாக விழுந்திருப்பது. கண்டுபிடிக்க ஒரு வழி: போல்ட்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் நிறுத்துங்கள். 25 கஜத்தில் ஒரு கறுப்புப் பொட்டைக் குழல் வழியே பார்த்து நடுவில் வையுங்கள். அப்படியே ஸ்கோப்பில் பாருங்கள். குறுக்குக்கோட்டைப் பொட்டுக்குக் கொண்டுவரப் பின்வளையத் திருகு ஒன்று முழுவதும் வெளியேயும் மற்றது முழுவதும் உள்ளேயும் போக வேண்டியிருந்தால் துளை தப்பு. தகடு வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். நூறு ரவுண்டில் திரும்ப நகரும்.

படி 6: ஸ்டாக்

ரெமிங்டன் ஸ்டாக்கின் இடப்பக்கம் எஃப்.ஜே.ஏ. என்ற கட்டமிட்ட முத்திரை இருக்கும், ஆய்வாளர் பிராங்க் ஜே. ஆட்வுட்டின் பெயர் எழுத்துகள். கூடவே பீரங்கி இரண்டு குறுக்கே கிடக்கும் சக்கர முத்திரை. இவற்றைப் புதிதாக அடித்துத் தர ரப்பர் ஸ்டாம்பு அளவுக்கு எளிதாக அச்சுகள் கிடைக்கின்றன. முத்திரையை வைத்து மரத்தின் வயதைக் கணிக்காதீர்கள். முத்திரையின் பள்ளத்துக்குள் எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கிறதா, பக்கத்து மரத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுடுபவருக்கு அதைவிட முக்கியம் ரிசீவரின் வால் முனை. அதற்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். இடைவெளியில்லாமல் முட்டிக்கொண்டிருந்தால், பின்னுதைப்பு முழுவதும் அந்த முனைமேல் விழுந்து ஸ்டாக் கழுத்தில் பிளக்கும். ரிசீவரை ஸ்டாக்கோடு பிடிக்கும், முன்னும் பின்னும் உள்ள ட்ரிகர்-கார்டு திருகுகளை இறுக்கும்போது போல்ட் கனமானால் இன்லெட்டிங் (ரிசீவர் உட்கார மரத்தைக் குடைந்த விதம்) சரியில்லை.

என்ஃபீல்டு பக்கம் போனால்

இதே கண்ணோடு பார்த்தால் "ஜங்கிள் கார்பைன்" குழப்பமும் தீரும். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் குட்டை வடிவமான நம்பர் 5 மார்க் 1-க்கு வழங்கும் செல்லப்பெயர் அது. அசல் நம்பர் 5 மார்க் 1-ஐ 1944 முதல் 1947 வரை பிஎஸ்ஏ நிறுவனமும் ஃபசாக்கர்லி தொழிற்சாலையும் செய்தன. எடை குறைக்க, சேம்பரைச் சுற்றிய குழல்பகுதியில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், பின்பார்வை 800 கஜத்தோடு நின்றுவிடும். குழலில் ஆங்கிலத்தில் "ஜங்கிள் கார்பைன்" என்று அடித்திருந்தால் அது சாண்டா ஃபே போன்ற வியாபாரிகளின் வேலை. பிரிட்டிஷ் இராணுவம் அப்படிப் பொறிக்கவில்லை. ஸ்டாக்கின் மேல்மரத்தைத் தூக்கிப் பள்ளங்களைத் தேடினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த 2ஏ1-ஐ வெட்டிச் செய்த குட்டைத் துப்பாக்கிகளும் இதே கூட்டத்தில் நிற்கும். வெட்டாத 2ஏ1 நகலே அல்ல, இந்தியா 7.62 தோட்டாவுக்கென்று செய்த அசல்.

காகிதம்

அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் ஐம்பது வருடம் கடந்த துப்பாக்கி "கியூரியோ அண்ட் ரெலிக்" கணக்கில் வரும், நகல் வராது என்று அதே வரியிலேயே எழுதியிருக்கிறது. பழைய ரிசீவர்தானே என்று சேகரிப்பாளர் உரிமத்தில் தபாலில் வரவழைக்கப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற டீலர் வழியே 4473 படிவம் நிரப்பியே வாங்குங்கள். வேறு நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், சுடாத நகலுக்கும்கூட உள்ளூர்ச் சட்டம் என்ன என்று காவல்துறையிலோ மாவட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

முதல் இருபது ரவுண்டு

வாங்கியாயிற்று, கேஜ் தேறிவிட்டது. 150 கிரெய்ன் எடையுள்ள தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டி போதும். கண்ணாடியும் காதுமூடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேம்பரில் வைத்துச் சுடுங்கள். முதல் மூன்று கூடுகளையும் எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வெள்ளையாகப் பளபளக்கும் வளையம் தெரிந்தால் கூடு பிரியத் தொடங்கிவிட்டது, நிறுத்துங்கள். கூட்டின் அடியிலுள்ள ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிப் பக்கவாட்டில் வழிந்திருந்தாலும் நிறுத்துங்கள். உடலில் நீளவாக்கில் மேலோட்டமான கீறல் மட்டும் என்றால் சேம்பரின் சொரசொரப்பு விட்ட தடம், அசிங்கமே தவிர ஆபத்தில்லை.

இருபதும் முடிந்தபின் போல்ட்டைப் பிரித்து இரண்டு கேஜையும் மறுபடி வையுங்கள். முதல்நாள் நோ-கோவில் நின்ற போல்ட் இப்போது இறங்கினால் லக் இருக்கை அமுங்குகிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. ஸ்ட்ரைக்கரைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டுச் சுவரில் மாட்டுங்கள். என்றைக்காவது விற்றால் இரண்டு நாள் அளவையும் ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.